கல்லுக்கு வயசு பாக்க முந்தி கார்னெட்ட ஒரு தடவ விசாரிங்க

எங்க தோட்டத்து லயத்து வாசப்படிக் கல்லுல செவப்பு செவப்பா பொட்டு இருக்கும், கடலப்பருப்பு சைஸ்ல. சின்னதுல ஆணிய வச்சு தோண்டி எடுத்து மாணிக்கம்னு தீப்பெட்டிக்குள்ள ஒளிச்சு வைப்போம். அம்மாயி பாத்துட்டு "மாணிக்கமா இருந்தா தொர இத படிக்கட்டா போட விட்டிருப்பானா"ன்னு கேட்டு சிரிக்கும். அது கார்னெட்ங்கிற கனிமம்னு கேம்பஸ் போன பொறகுதான் தெரிஞ்சிச்சு. பூமிக்குள்ள முப்பது கிலோமீட்டருக்கு கீழ கெடந்த கதை அந்தப் பொட்டுக்குள்ள எழுதியிருக்குன்னும் அப்பதான் தெரிஞ்சிச்சு.

இப்ப ஜியாலஜி படிக்கிற தம்பி தங்கச்சிமாருங்க அடிக்கடி கேக்குற ஒன்னு, "அண்ணே, இந்தக் கல்லோட வயசு தெரியணும், எங்க அனுப்புறது?" அனுப்புறத அப்புறம் பேசுவோம், மொதல்ல கேள்வியே தப்பு. ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின கல்லுக்கு ஒரு வயசு கெடையாது. மண்ணா படிஞ்ச நாள் ஒன்னு, ஆழத்துக்கு போன நாள் ஒன்னு, நல்லா வெந்த நாள் ஒன்னு, மேல ஏறி வந்த நாள் ஒன்னு, ஆறின நாள் ஒன்னு. ஆய்வுகூடம் ஒங்களுக்கு ஒரு நம்பர்தான் தரும், அது இதுல எந்த நாளோடதுன்னு நம்பர் சொல்லாது, கனிமத்தோட ரசாயனம்தான் சொல்லும். அத எப்பிடி படிக்கிறதுன்னுதான் இங்க எழுதுறேன்.

இந்த மாதிரி கல்ல உயர் அழுத்தத்துல உருமாறினதுன்னு சொல்வாங்க, அந்த உயர் அழுத்தம்னா எவ்வளவுன்னு முதல்ல சொல்லிர்றேன். ஐரோப்பாவுல ஆல்ப்ஸ், சீனாவுல டாபி ஷான் பக்கமெல்லாம் எக்லோஜைட்னு ஒரு கல்லு இருக்கு, பச்ச ஓம்ஃபசைட்டும் செவப்பு கார்னெட்டும் சேர்ந்தது, பிளாஜியோகிளேஸ்ங்கிற வெளிர் கனிமம் ஒரு துளி இருக்காது, ஏன்னா அந்த அழுத்தத்துல அது தாங்காது. நம்ம இலங்கை மலைநாட்டுல இருக்கிறது அது இல்ல. நம்மது ஹைலண்ட் கொம்ப்ளெக்ஸ்னு பேர் வச்ச பாறைத் தொகுதி, கல்லு கிரனுலைட், அதாவது ரொம்ப சூட்டுல உருமாறினது. அழுத்தம் சுமார் 9, 10 கிலோபார், ஒரு கிலோபாருக்கு மூணரை கிலோமீட்டர்னு போட்டா முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர் ஆழம், சூடு 800 டிகிரிக்கு மேல, சஃபிரின்ங்கிற கனிமம் இருக்கிற சில எடத்துல 900த்தையும் தாண்டியிருக்கு. அதாவது அழுத்தமும் உண்டு, அத விட சூடு கூட. இந்த சூடுதான் பின்னால நம்மள படுத்தப்போகுது, ஞாபகம் வச்சுக்கோங்க. எக்லோஜைட்டுக்கு எழுதின முறைய புஸ்தகத்துல பாத்து அப்பிடியே நம்ம கல்லுக்கு போட்டா மாட்டுவீங்க.

சரி, கல்லு பொறுக்குறது. கார்னெட், சிலிமனைட், பயோடைட் (கறுப்பு மைக்கா), பிளாஜியோகிளேஸ், குவார்ட்ஸ் அஞ்சு கனிமமும் ஒரே கல்லுல இருக்கிறது கெடச்சா விட்ராதீங்க, கொண்டலைட்னு சொல்றது அதுதான். வெரலால தடவினா பென்சில் மாதிரி கறுப்பா ஒட்டும், அது காரீயம், அதாவது கிராஃபைட். பண்டாரவளை, பதுளை ரோட்டோரம், ஹட்டன் பக்கம் புதுசா வெட்டின எடம், கல்லு குவாரி இதெல்லாம் பாக்கலாம், குவாரின்னா மொதலாளிகிட்ட கேட்டுட்டு உள்ள போங்க. இன்னொரு வகை கறுத்த கல்லு, கார்னெட்டும் கிளினோபைரொக்சீன்ங்கிற கனிமமும் கலந்தது, அதுல கார்னெட்ட சுத்தி வெள்ளையும் சாம்பலுமா ஒரு வளையம் தெரிஞ்சா அத கட்டாயம் எடுங்க, காரணம் கீழ சொல்றேன். ஹோர்ட்டன் சமவெளி உள்ள சுத்தியல எடுத்துக்கிட்டு போகாதீங்க, 1988ல இருந்து தேசிய பூங்கா, ஒரு கல்லு கூட எடுக்க முடியாது. தண்டவாளத்து வெட்டுலயும் வேணாம், நானுஓயாவுக்கு அங்கிட்டு வளைவுல ட்ரெயின் வர்றது மிஸ்ட்டுல தெரியாது. மழைக்காலத்துல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை போட்டிருந்தா அந்த சரிவுக்கு கீழ நின்னு கல்லு தட்டுற வேல வேணவே வேணாம், கல்லு அம்பது கோடி வருசம் காத்திருந்திச்சு, இன்னும் ரெண்டு வாரம் இருக்கும். சாம்பிள வெளிநாட்டு லேபுக்கு அனுப்பணும்னா புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்துல அனுமதி விசயத்த முன்னுக்கே கேட்டுக்கோங்க.

செம்மண்ணாகி பொடியற கல்லு வேணாம், சுத்தியலடிச்சா டங்குனு சத்தம் வர்ற கல்லுதான் வேணும். ரெண்டு மூணு கிலோ எடுங்க, போன்ல ஜிபிஎஸ் எடுத்து வைங்க, கல்லு எப்பிடி கெடந்திச்சோ அந்த மேல்பக்கத்துல பெயிண்ட்ல ஒரு அம்புக்குறி.

இப்ப நான் பண்ணின கூத்த சொல்றேன். மொத தடவ நல்ல கல்லு ஒன்னு கெடச்ச சந்தோசத்துல மொத்தத்தையும் ஒடச்சு, அரைச்சு, சல்லடை போட்டு, தண்ணியில அலசி, கனமான மணிய பிரிச்சு, வயசு பாக்க உதவுற சிர்கான்ங்கிற கனிமத்த அனுப்பிட்டேன். நம்பர் வந்திச்சு, ரெண்டு கூட்டமா, ஒன்னு 60 கோடி வருசம் பக்கம், ஒன்னு 55 கோடி வருசம் பக்கம். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "இதுல எது கார்னெட் வளந்தப்ப, எது கார்னெட் கரைஞ்சப்ப?" எனக்கு வாயில ஒன்னும் வரல. அந்த சிர்கான் கார்னெட்டுக்குள்ள இருந்திச்சா வெளிய இருந்திச்சான்னு சொல்ல கல்லே இல்லியே, மாவால்ல இருக்கு. அதனால சொல்றேன், அரைக்க முந்தி வெட்டுங்க. எப்பவும் பாதி கல்ல முழுசா வைங்க.

வெட்டினதும் தின் செக்ஷன், அதாவது மைக்ரோஸ்கோப்ல பாக்குற மெலிசான கல்லுச் சீவல், 30 மைக்ரோன் கனம், மேல கண்ணாடித் தகடு ஒட்டாம பொலிஷ் பண்ணினது வேணும். கார்பொரண்டம் தூள்ல ஆரம்பிச்சு வைரப் பேஸ்ட் 6, 3, 1 மைக்ரோன்னு எறங்கி வாங்க. ஒரு முக்கியமான விசயம், சில பழைய பட்டறையில ஈயத் தட்டுல பொலிஷ் பண்ணுவாங்க. வயசு கணக்குக்கு நாம அளக்கப்போறதே ஈயத்ததான், அதுவும் துளித்துளியா. வெடிப்புக்குள்ள தட்டோட ஈயம் பூந்திச்சுன்னா ஒங்க கல்லு ஒரே ராத்திரியில கெழடாயிரும். முன்னுக்கே கேட்டு, வேற தட்டுல பண்ணச் சொல்லுங்க.

அடுத்தது கார்னெட்டுக்கு மேப். மைக்ரோப்ரோப்ல, அதாவது எலெக்ட்ரோன் கதிர அடிச்சு தனிமம் அளக்குற மெஷின்ல, ஒரு முழு கார்னெட்ட எடுத்து கால்சியம், மக்னீசியம், இரும்பு, மாங்கனீஸ், இட்ரியம் அஞ்சுக்கும் படம் எடுங்க. கொறஞ்ச சூட்டுல வளந்த கார்னெட்டுன்னா மாங்கனீஸ் நடுவுல உச்சமா இருந்து ஓரத்துக்கு மணி மாதிரி எறங்கும், மரத்து வளையம் மாதிரி வளந்த கதை அப்பிடியே இருக்கும். நம்ம கல்லுல அத எதிர்பாக்காதீங்க. 800 டிகிரிக்கு மேல நீண்ட காலம் கெடந்ததுல இரும்பும் மக்னீசியமும் மாங்கனீசும் கார்னெட்டுக்குள்ளயே நடந்து நடந்து சமமாயிருச்சு, நடுப்பகுதி வழவழன்னு ஒரே கலர்ல வரும். மொத தடவ பாத்தப்ப மெஷின்ல கோளாறுன்னு நெனச்சேன். கோளாறு இல்ல, அதுதான் சூடு. ஆனா ஓரத்த பாருங்க, கடைசி கொஞ்ச மைக்ரோன்ல மாங்கனீஸ் திடீர்னு ஏறியிருந்தா அந்த கார்னெட் வெளிய இருந்து கரைஞ்சிருக்குன்னு அர்த்தம், கரைஞ்ச பகுதியில இருந்த மாங்கனீசுக்கு போக வேற நல்ல எடமில்ல, மிஞ்சின கார்னெட்டுக்குள்ளயே திரும்பி வந்திருக்கு. கால்சியமும் இட்ரியமும் மத்ததவிட மெதுவா நடக்குறதால அதுகள்ள பழைய வடிவம் ஓரளவு மிச்சமிருக்க வாய்ப்பிருக்கு, கண்ண அதுல வைங்க.

அழுத்தத்துக்கு கால்சியம்தான் சாட்சி. அழுத்தம் ஏற ஏற பிளாஜியோகிளேஸ்ல இருக்கிற அனோர்தைட்ங்கிற கால்சியம் பகுதி ஒடஞ்சு, அதோட கால்சியம் கார்னெட்டுக்குள்ள குரொசுலரா, அதாவது கார்னெட்டோட கால்சியம் வகையா போகும், கூட சிலிமனைட்டும் குவார்ட்சும் வரும். அதனால ஒட்டி ஒட்டி இருக்கிற கார்னெட்டையும் பிளாஜியோகிளேசையும் அளந்தா அந்த சூட்டுல எவ்வளவு அழுத்தம்னு கணக்கு வரும். சூட்டுக்கு கார்னெட்-பயோடைட் இரும்பு மக்னீசிய பரிமாற்றம் இருக்கு, ஆனா ஆறுறப்பயும் அது நிக்காம மாறிக்கிட்டே இருக்கும், ஓரத்த மட்டும் அளந்துட்டு 650 டிகிரிதான்னு எழுதிராதீங்க. கார்னெட்டோட நடுவையும், கார்னெட்ட தொடாம தூரத்துல இருக்கிற பயோடைட்டையும் எடுங்க. ருடைல்ங்கிற டைட்டேனியம் கனிமம் இருந்தா அதுல இருக்கிற சிர்கோனியம் இன்னும் நல்ல சாட்சி, பக்கத்துல குவார்ட்சும் சிர்கானும் இருக்கணும், அவ்வளவுதான். அந்த ருடைல சுத்தி கறுப்பா இல்மனைட் ஓரம் கட்டியிருந்தா கல்லு அழுத்தம் கொறஞ்சு மேல வந்திருக்குன்னு கண்ணாலயே சொல்லிரலாம்.

முன்ன சொன்ன வெள்ள வளையம் இதோட சேர்ந்த கதைதான். கல்லு சூடா இருக்கும்போதே மேல ஏறினா கார்னெட்டும் குவார்ட்சும் சேர்ந்து ஓர்தோபைரொக்சீனும் பிளாஜியோகிளேசுமா மாறும், மைக்ரோஸ்கோப்ல பாத்தா நடுவுல கடிச்சு வச்ச மாதிரி கார்னெட், சுத்தி வெரல் வெரலா ரெண்டும் பின்னிக் கெடக்கும். ஒரு தடவ பாத்தா மறக்காது. உள்ள இருக்கிறது ஆழத்து நாள், வளையம் ஏறி வந்த நாள். வளையத்துக்குள்ள மோனசைட்டோ (வயசு காட்டுற இன்னொரு சின்ன கனிமம்) சிர்கானோ மாட்டிச்சுன்னா தங்கம் கெடச்ச மாதிரி. ஆனா கறுத்த கல்லுல மோனசைட் லேசுல கெடைக்காது, அதனாலதான் பக்கத்துல கொண்டலைட்டையும் எடுக்கச் சொன்னேன்.

வயசு சொல்ற ஆளு மோனசைட். தேடுறது கஷ்டமில்ல, பயோடைட்டுக்குள்ள ஒரு சின்ன மணி, அத சுத்தி கருகின மாதிரி வட்டம், கோர்டியரைட்ங்கிற கனிமத்துக்குள்ளன்னா மஞ்ச வட்டம். கதிர்வீச்சு சுட்ட அடையாளம் அது. சிர்கானும் அப்பிடி சுடும், அதனால எலெக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்போட பேக்ஸ்கேட்டர் படத்துல பாருங்க, மோனசைட் சிர்கானவிட பளிச்சுனு வெள்ளையா நிக்கும். ஒவ்வொன்னும் எங்க இருக்குன்னு எழுதுங்க: கார்னெட்டுக்குள்ள முழுசா பூட்டியிருக்கா, வெடிப்பு அத தொடுதா, வெளிய பயோடைட்டோட இருக்கா, வளையத்துக்குள்ளயா. வெடிப்பு தொட்டது பூட்டினதா கணக்கில்ல.

இனி இட்ரியம். கார்னெட்டுக்கு இட்ரியம்னா சோறு மாதிரி, வளர்றப்ப சுத்தி இருக்கிறத எல்லாம் அதுவே திங்கும். அந்த நேரத்துல வளர்ற மோனசைட்டுக்கு மிச்சம் கெடைக்காது, இட்ரியம் கொறஞ்சு வரும். கார்னெட் கரையிறப்ப தின்னத கக்கும், அப்ப வளர்ற மோனசைட் ஓரம் இட்ரியம் கூடி வரும். ஆக, மோனசைட் மேப்ல இட்ரியம் கொறஞ்ச பகுதியோட வயசு கார்னெட் இருந்த காலம், கூடின ஓரத்தோட வயசு கார்னெட் கரைஞ்ச காலம். இந்த ஒரு இணைப்புக்காகத்தான் இவ்வளவும். கல்லுல செனோடைம்ங்கிற கனிமம் இருந்தா மட்டும் கொஞ்சம் யோசிங்க, அதுவும் இட்ரியம் களஞ்சியம்தான். இன்னொன்னு, நம்ம கல்லு கொஞ்சம் உருகியும் இருக்கு, உருகின குழம்புல பழைய மோனசைட் கரைஞ்சு ஆறுறப்ப திரும்ப வளந்திருக்கும், அதனால வெளிய இருக்கிறதெல்லாம் உச்ச சூட்டு நாள்னு நெனைக்கவேணாம்.

மைக்ரோப்ரோப்ல வயசு எப்பிடி வரும்னா, மோனசைட் வளர்றப்ப ஈயத்த கிட்டத்தட்ட உள்ள விடாது. இப்ப இருக்கிற ஈயமெல்லாம் தோரியமும் யுரேனியமும் சிதைஞ்சு வந்ததுதான்னு எடுத்துக்கலாம், ஐசொடோப் (ஒரே தனிமத்தோட வேற வேற எடையுள்ள அணு) பிரிக்க வேண்டியதில்ல, மூணு அளவு போதும். ஒரு உதாரணம் போட்டு காட்றேன், நம்பர் நான் வச்சது. தோரியம் 8 சதவீதம், யுரேனியம் 0.5, ஈயம் 0.238. யுரேனியத்த 3.28ஆல பெருக்கி தோரியமா மாத்துங்க, இந்த 3.28 சுமார் 55 கோடி வருசத்துக்கு பொருந்துறது, வயசு கூடினா இதுவும் கூடும். 1.64 வரும், எட்டோட கூட்டினா 9.64. ஈயத்த அதால வகுத்தா 0.0247, அத 232/208ஆல பெருக்கினா 0.0275. ஒன்னு கூட்டி இயற்கை மடக்கை எடுத்து தோரியத்தோட சிதைவு மாறிலி 4.9475 × 10⁻¹¹ஆல வகுங்க. ஏறத்தாழ 55 கோடி வருசம். கால்குலேட்டர்லயே முடியும், சரியான கணக்குக்கு யுரேனியத்தோட ரெண்டு ஐசொடோப்பையும் தனித்தனியா போட்டு எக்செல்ல திரும்பத் திரும்ப ஓட்டணும்.

இங்கதான் ஜாக்கிரத. ஈயத்துல 0.01 சதவீதம், அதாவது 100 பிபிஎம் தப்பினா வயசு 2 கோடி வருசத்துக்கு மேல ஆடிரும். இட்ரியத்தோட ஒரு எக்ஸ்ரே கோடு ஈயத்தோட கோட்டுல ஏறி உக்காரும், தோரியம் யுரேனியத்தோட கோட்டுல ஏறும், ரெண்டையும் திருத்தணும், அதுவும் இட்ரியத்த திருத்தாம விட்டா இட்ரியம் கூடின ஓரம் பொய்யா வயசாகி காட்டும். நாம தேடுறதே அந்த ஓரத்ததான், யோசிச்சு பாருங்க எவ்வளவு அசிங்கமான தப்புன்னு. மெஷின் ஓட்டுறவரு "எல்லாம் செட் பண்ணியிருக்கு"ன்னு சொன்னாலும், வயசு தெரிஞ்ச மோனசைட் ஒன்ன ஒங்க சாம்பிளோட ஒன்னா கார்பன் பூசி, மொதல்லயும் நடுவுலயும் கடைசியிலயும் அளக்கச் சொல்லுங்க.

லேசரால சின்னக் குழி போட்டு அதுல வர்ற தூள அளக்குற மெஷின், லேசர் ஐசிபி-எம்எஸ், கெடச்சா இன்னும் நல்லது, ஐசொடோப்பும் வரும் அருமண் தனிமங்களும் வரும், குழி மட்டும் கொஞ்சம் பெருசு. சிர்கானுக்கு இதுதான் சரி. சிர்கான்ல நடுவும் ஓரமும் வேற வேற ஆளு. நம்ம பக்கத்து படிவுக் கல்லுல நடுப்பகுதி 200 கோடி வருசத்துக்கும் மேல காட்டும், அது மண்ணு வந்த பூர்வீகம், உருமாற்றம் இல்ல. நடுவையும் ஓரத்தையும் பிரிச்சுக் காட்டுற கத்தோடோலுமினசன்ஸ் படம் எடுக்காம லேசரால சுட்டீங்கன்னா பாதி நடு பாதி ஓரம்னு விழுந்து, எந்தக் காலத்துலயும் நடக்காத ஒரு சம்பவத்துக்கு வயசு கெடைக்கும். ஓரத்துல கனமான அருமண் தனிமங்களோட அளவக் காட்டுற கோடு ஏறாம தட்டையா போனா பக்கத்துல கார்னெட் இருந்திச்சுன்னு அர்த்தம், செங்குத்தா ஏறினா கார்னெட் இல்ல இல்லாட்டி கரைஞ்சிருக்கு. அந்தக் கோட்டுல யூரோப்பியம்ங்கிற தனிமத்துகிட்ட பள்ளம் இல்லாட்டி பிளாஜியோகிளேஸ் இல்ல, அதாவது எக்லோஜைட்னு ஒரு விதி இருக்கு, நம்ம கிரனுலைட்டுல பிளாஜியோகிளேஸ் எப்பவும் இருக்கு, பள்ளம் இருக்கத்தான் செய்யும், அத வச்சு அழுத்தம் கொறவுன்னு முடிவு கட்டாதீங்க. தோரியம்-யுரேனியம் விகிதம் 0.1க்கு கீழ இருந்தாத்தான் உருமாற்ற சிர்கான்னு சொல்றதையும் இந்த சூட்டுல நம்ப முடியாது.

ஒரு சந்தோசமான விசயம். ஒலகத்துல பல லேப்ல மெஷின சரிபாக்க வைக்கிற சிர்கான் நம்ம நாட்டு கல்லுதான், சிஇசட்3னு பேர் வச்சது கிட்டத்தட்ட 56.4 கோடி வருசம், எம்257 சுமார் 56.1 கோடி வருசம். அடுத்தவன் கல்ல அளக்குற தராசுக்கு படி நம்ம ஊர்ல இருந்து போயிருக்கு.

நேரடியா கார்னெட்டுக்கே வயசு பாக்கவும் முடியும், லுட்டீசியம்-ஹாஃப்னியம், சமேரியம்-நியோடிமியம் ரெண்டு முறையில. கார்னெட் லுட்டீசியத்த இழுத்துக்கும், ஹாஃப்னியத்த தள்ளிவிடும், லுட்டீசியம்-176 அரைவாழ்வு சுமார் 3,700 கோடி வருசம், அதனால கார்னெட்டையும் முழுக் கல்லையும் ஒரு கோட்டுல போட்டு சரிவு பாக்குறோம். 55 கோடி வருசத்துக்கு சரிவு 0.0103 வரும், எவ்வளவு மெலிசுன்னு பாத்துக்கோங்க. கார்னெட்டுக்குள்ள ஒரு துணுக்கு சிர்கான் கரைஞ்சாலே அதோட ஹாஃப்னியம் எல்லாத்தையும் முழுங்கிரும், அதனால அமிலத்துல கரைக்கிறப்ப பிரஷர் குண்டுல (அழுத்தத்துல சூடாக்குற மூடின பாத்திரம்) வைக்காம சாதா ஹொட்பிளேட்டுல வைக்கச் சொல்லுங்க, சிர்கான் கரையாம அடியில நிக்கும். சமேரியம் முறைக்கு இதே தொல்லைய மோனசைட் குடுக்கும். எக்லோஜைட்டுக்கு இந்த முறை பிரமாதம். நம்ம சூட்டுக்கு, சமேரியம்-நியோடிமியம் பெரும்பாலும் ஆறின நாளத்தான் சொல்லும், லுட்டீசியமும் ஹாஃப்னியமும் ஒரே வேகத்துல நடக்காததால அதுவும் கொஞ்சம் கோணும். காசு கம்மின்னா இத விட்டுட்டு மோனசைட்டுல போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

எல்லா நம்பரும் கைக்கு வந்ததும் எக்செல்ல வயசு இருக்கிற கொலம மறைச்சிருங்க. உண்மையாத்தான் சொல்றேன். இட்ரியம், எடம், வெடிப்பு இத மட்டும் பாத்து கூட்டம் பிரிங்க, பிரிச்சு முடிச்ச பொறகு வயச தெறந்து பாருங்க. வயச பாத்துக்கிட்டே பிரிச்சா மனசு 55க்கு ஒன்னு 60க்கு ஒன்னுன்னு தானா அடுக்கிரும், ஏன்னா இந்த மலைக்கு 61ல இருந்து 55 கோடி வருசத்துக்குள்ளன்னு நாம ஏற்கனவே படிச்சுட்டோம், கொண்ட்வானாங்கிற பெருங்கண்டம் ஒன்னா ஒட்டின காலம். அப்ப தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு அண்டார்டிகா எல்லாம் நமக்கு பக்கத்து வீடு. நம்ம பூட்டன்மார் கப்பலேறி வந்த ஊருக்கும் இந்த மலைக்கும் அப்ப நடுவுல கடலே இல்ல.

கூட்டம் பிரிச்சு வயசு ஒன்னோடொன்னு ஒட்டலன்னா சராசரி எடுத்து மூடாதீங்க, இட்ரியம் மேப்ப திரும்ப எடுத்து அந்த புள்ளி ரெண்டு வலயத்துக்கு நடுவுல விழுந்திருக்கான்னு பாருங்க, பாதி நேரம் அதுதான். எழுதுறப்ப "கல்லோட வயசு"ன்னு எழுதாம "கார்னெட்டுக்குள்ள இருந்த, இட்ரியம் கொறஞ்ச மோனசைட்டோட வயசு"ன்னு நீட்டி எழுதுங்க, கூடவே அதே செக்ஷன்ல எடுத்த அழுத்தமும் சூடும்.

மிச்சப் பாதி கல்ல பெயிண்ட்ல நம்பர் போட்டு அரிசிச் சாக்குல கட்டி ஒரு மூலையில வைங்க. வீட்டுல கூட்டிப் பெருக்குறவங்ககிட்டயும் சொல்லி வைங்க. என்னோட ரெண்டாவது சாம்பிள் கோழிக்கூட்டு கதவுக்கு முட்டா போய், ஆறு மாசம் கழிச்சுத்தான் கெடச்சிச்சு.